செய்நிரல் வழுக்களைக் கண்டுபிடித்தல்: மறிச்சுக்கட்டிச் சிப்பிக் கணக்கு

க.பொ.த. (சாதாரண தரம்)
தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – செய்நிரலாக்கம்



செய்நிரல் பற்றிய வினாவைக் கண்டதும் அதை விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவும் பழக்கம் உங்களிற் பலரிடம் உண்டு. "சேர், அது கணிதம் கெட்டிக்காரருக்கு" என்று காரணமும் சொல்வீர்கள். நான் கலைப்பட்டதாரி. கணிதத்தில் உங்களைவிடக் கெட்டிக்காரத்தனம் எனக்கு இல்லை. செய்நிரலில் பிழை பிடிப்பதற்குக் கணிதத்தைவிடப் பொறுமைதான் கூடத் தேவை என்பதை அனுபவத்தில் அறிந்துகொண்டேன். அந்தப் பொறுமையை எந்த ஒழுங்கில் பயன்படுத்துவது என்பதே இப்பாடம்.

வழுக்களைத் தேடித் திருத்தும் வேலை வழுநீக்கல் எனப்படும். அதற்கு உதவும் மென்பொருள் வழுநீக்கி. இங்கே நாம் பார்க்கப்போவது சுட்டியோ படங்களோ இல்லாமல் விசைப்பலகையில் கட்டளையைத் தட்டி இயக்கும் வழுநீக்கியை. பழைய கணினியிலும் அது வேலை செய்யும். எமது பிரதேசத்தில் இருக்கும் கணினிகளுக்கு இதுதான் பொருத்தம்.

வழு என்ற சொல்

1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி, அமெரிக்காவின் ஹார்வர்ட் மார்க் 2 என்ற கணினியின் அஞ்சல் ஆளிக்குள் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டிருந்தது. பணியாற்றியவர்கள் அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, பூச்சி உண்மையாகவே அகப்பட்ட முதல் சந்தர்ப்பம் இது என எழுதி வைத்தார்கள். வழுவுக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்ற சொல் வந்தது இதனால்தான் என்றும், அதைப் பிடித்தவர் கிரேஸ் ஹொப்பர் அம்மையார் என்றும் பல நூல்களில் காண்பீர்கள். இது முழுமையாகச் சரியல்ல. பொறியியலாளர்கள் அச்சொல்லை 19 ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தினார்கள். தோமஸ் எடிசன் 1878 இல் எழுதிய கடிதத்தில் அது உண்டு. ஹொப்பர் அந்தக் குழுவில் பணியாற்றியவர். கதையைச் சொல்லிப் பரப்பியவரும் அவரே. ஆகவே "முதன்முதலில்" என்று எழுதாமல், "1947 இல் மார்க் 2 கணினியில் அந்துப்பூச்சி அகப்பட்டது" என்று மட்டும் எழுதுங்கள்.

வழுக்களின் வகைகள்

மூன்று வகைகளையும் பெயரோடு பாடமாக்கினால் மட்டும் போதாது. ஒரு பிழையைக் காட்டி "இது எவ்வகை?" என்று கேட்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆகவே "இப்பிழையை யார் கண்டுபிடிப்பார்?" என்று உங்களையே கேளுங்கள்.

தொகுப்பி கண்டுபிடித்தால் அது தொடரியல் வழு. பெறுமானம் இடும் குறியில் முக்காற்புள்ளியை விடுதல், கூற்றின் முடிவில் அரைப்புள்ளியை விடுதல், மொழிக்குரிய சொல்லை எழுத்துப் பிழையாகத் தட்டுதல் என்பன இவ்வகை. செய்நிரல் இயங்கவே தொடங்காது. தொகுப்பி வரி இலக்கத்தையும் சொல்லும். ஆனால் 5 ஆம் வரியில் அரைப்புள்ளியை விட்டால் பெரும்பாலும் 6 ஆம் வரியில்தான் பிழை என்று காட்டும். அடுத்த சொல்லை வாசித்த பின்னர்தான் இடையில் ஏதோ குறைகிறது எனத் தொகுப்பிக்குத் தெரியவரும். எனவே காட்டிய வரியில் ஒன்றும் காணாவிட்டால் அதற்கு மேலுள்ள வரியைப் பாருங்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும்போது செய்நிரல் இடையில் நின்றுவிட்டால் அது ஓட்டநேர வழு. பூச்சியத்தால் வகுத்தல் இதற்கு எல்லாரும் எழுதும் உதாரணம். கடலுக்குப் போன வள்ளங்களின் சராசரி மீன்பாட்டைக் கணிக்கும் செய்நிரலை எடுங்கள். காற்றுக் கடுமையான நாளில் ஒரு வள்ளமும் போகவில்லை. வள்ளங்களின் எண்ணிக்கை 0. மொத்தத்தை 0 ஆல் வகுக்கச் சொன்னதும் செய்நிரல் நின்றுவிடும். பிரீ பாஸ்கலில் இதற்கு 200 என்ற வழு இலக்கம் திரையில் வரும். மற்ற நாட்களில் இதே செய்நிரல் ஒழுங்காக வேலை செய்திருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது தர்க்க வழு. தொகுப்பியும் பிழை சொல்லாது, செய்நிரலும் நிற்காது, விடையும் வரும். அந்த விடை பிழையானது. இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்களேதான். இப்பாடத்தின் மீதிப் பகுதி முழுவதும் இந்த மூன்றாவது வகையைப் பற்றியதே.

எமது ஊரின் கணக்கு

உதாரணத்துக்கு வெளியூர்க் கடைக் கணக்கு எதற்கு? மறிச்சுக்கட்டியில் ஒரு காலத்தில் பெருந்தொகையான கணக்கு நடந்தது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் குடாவின் முத்துக் குளிப்புக்கான முகாம் இங்கேதான் அமைக்கப்பட்டது. குளிப்புக் காலத்தில் பல்லாயிரம் பேர் கூடும் தற்காலிக நகரமாக இக்கரை மாறியது. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கு மேல். அடுத்த ஆண்டு, 1906 இல், யாழ்ப்பாணத்தில் கடமையாற்றிய லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் ஆங்கிலேய உத்தியோகத்தர் இங்கே மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்றவர் அவர்தான்.

வள்ளங்கள் கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் கொட்டு எனப்பட்ட வேலியடைத்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒவ்வொரு வள்ளத்துச் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். எண்ணிக்கை பிழைத்தால் நட்டம் யாருக்கு என்று யோசியுங்கள். மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்வந்தவனுக்குக் கூலியே அந்த மூன்றிலொரு பங்குதான்.

அந்தக் கணக்கை ஒரு சிறு செய்நிரலாக எழுதுவோம். நான்கு வள்ளங்களின் சிப்பித் தொகையை வாசித்து, மொத்தத்தைக் காட்ட வேண்டும். பாஸ்கல் மொழியின் அமைப்பையே பின்பற்றி, போலிக்குறிமுறையாகத் தமிழில் தருகிறேன். வரி இலக்கங்கள் பின்னர் தேவைப்படும். (வள்ளங்களின் தொகைகள் பயிற்சிக்காக நான் இட்டவை.)

1 செய்நிரல் சிப்பிக்கணக்கு
2 மாறிகள் வள்ளம், தொகை, மொத்தம் : முழுவெண்
3 தொடக்கம்
4 மொத்தம் := 0
5 வள்ளம் := 1
6 வள்ளம் < 4 ஆக இருக்கும்வரை செய்க
7 தொடக்கம்
8 தொகை வாசிக்க
9 மொத்தம் := மொத்தம் + தொகை
10 வள்ளம் := வள்ளம் + 1
11 முடிவு
12 மொத்தம் எழுதுக
13 முடிவு

நான்கு தொகைகளையும் ஒரே வரியில் இடைவெளி விட்டுத் தட்டுகிறோம்: 9000 11000 8500 12500. திரையில் வரும் விடை 28500.

பார்த்தால் நல்ல விடைபோலத் தெரிகிறது. எண் பெரியதாக இருக்கிறது, கழித்தற்குறி இல்லை, செய்நிரலும் முறைப்படி முடிந்தது. ஆனால் கையாற் கூட்டினால் 41000 வருகிறது. 12500 சிப்பியைக் காணவில்லை.

முதலில் கையால்

கணினி இல்லாத மாணவருக்கும் ஒரு வழுநீக்கி உண்டு. அது கொப்பியும் பென்சிலும். பரீட்சை மண்டபத்தில் உங்களிடம் இருக்கப்போவதும் அது மட்டும்தான். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் கீறி, ஒவ்வொரு சுற்றிலும் அதன் பெறுமானத்தை எழுதிச் செல்வதே சுவட்டு அட்டவணை.

சுற்று 1: வள்ளம் 1, தொகை 9000, மொத்தம் 9000
சுற்று 2: வள்ளம் 2, தொகை 11000, மொத்தம் 20000
சுற்று 3: வள்ளம் 3, தொகை 8500, மொத்தம் 28500
பின்னர்: வள்ளம் 4. "4 < 4" பொய். சுற்று நிற்கிறது.

நான்காம் வள்ளத்துக்குச் சுற்றே நடக்கவில்லை. 6 ஆம் வரியில் < என்பதற்குப் பதிலாக <= இருந்திருக்க வேண்டும். அட்டவணையில் எல்லாரும் எழுத மறக்கும் வரி அந்தக் கடைசி வரிதான். நிபந்தனை பொய்யாகும் அந்தக் கணத்தையும் எழுதினால்தான் சுற்று ஏன் நின்றது என்பது தெரியும்.

இப்போது வழுநீக்கியால்

பதின்மூன்று வரிக்குக் கொப்பி போதும். முன்னூறு வரிச் செய்நிரலுக்கு அட்டவணை கீற யாருக்கு நேரம்? அதற்காக ஆக்கப்பட்டதே வழுநீக்கி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986 இல் எழுதிய ஜீ.டீ.பீ. என்ற வழுநீக்கி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அது இலவசம். சி மொழிக்கு மட்டுமன்றி, பிரீ பாஸ்கலில் எழுதிய செய்நிரலுக்கும் அது உதவும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். அவற்றின் உச்சரிப்பையே இங்கே தமிழில் எழுதுகிறேன்.

செய்நிரலைத் தொகுக்கும்போது தொகுப்பியின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுகோடும் அதை ஒட்டி "ஜீ" என்ற சிறிய எழுத்தும் சேர்க்க வேண்டும். இதைச் சேர்க்காவிட்டால் வரி இலக்கங்களும் மாறிகளின் பெயர்களும் பொறி மொழிக் கோப்பில் இரா. வழுநீக்கி இருட்டில் தடவவேண்டியதுதான். நான் தொடக்கத்தில் இதை மறந்துவிட்டு, மென்பொருள் பழுது என்று நினைத்து இரண்டு முறை அழித்துப் புதிதாக நிறுவினேன்.

வழுநீக்கியைத் திறந்ததும் அது கட்டளைக்காகக் காத்து நிற்கும். பிரேக் 9 என்று தட்டுங்கள். 9 ஆம் வரிக்கு வரும்போதெல்லாம் நிறுத்து என்பது இதன் பொருள். அந்த இடத்தை நிறுத்தற்புள்ளி என்கிறோம். பின்பு ரன் என்று தட்டினால் செய்நிரல் ஓடத் தொடங்கும். நான்கு தொகைகளையும் கொடுத்தவுடன் 9 ஆம் வரியில் நின்றுவிடும்.

இங்கே ஒரு முக்கிய விடயம். 9 ஆம் வரியில் நிற்கிறது என்றால் அந்த வரி இன்னும் செயற்படவில்லை. அதன் வாசலில் நிற்கிறது. பிரின்ட் என்று தட்டி மொத்தம் என்ற மாறியின் பெயரைக் கொடுத்தால் 0 என்றுதான் விடை வரும். இதைக் கண்டு "கூட்டவே இல்லையே, இதுதான் பிழை" என்று துள்ளாதீர்கள். (இன்னொன்று: பிரீ பாஸ்கல் மாறிகளின் பெயர்களைப் பெரிய ஆங்கில எழுத்தில் பதிந்து வைக்கிறது. நீங்களும் பிரின்ட் கட்டளையில் பெயரைப் பெரிய எழுத்திலேயே தட்டுங்கள்.)

கொன்ரினியூ என்று தட்டினால் அடுத்த நிறுத்தம்வரை ஓடும். மறுபடி 9 ஆம் வரியில் நிற்கும். இப்போது மொத்தம் 9000. மீண்டும் கொன்ரினியூ, மொத்தம் 20000. மீண்டும் கொன்ரினியூ. இம்முறை அது நிற்கவில்லை. 28500 என்று எழுதிவிட்டுச் செய்நிரல் முடிந்துவிட்டது.

நிறுத்தற்புள்ளியில் மூன்று முறைதான் நின்றது. நான்கு முறை நின்றிருக்க வேண்டும். எமது அட்டவணை சொன்ன அதே பிழையை வழுநீக்கியும் காட்டிவிட்டது. குவிட் என்று தட்டி வெளியேறி, 6 ஆம் வரியை <= எனத் திருத்தி, மறுபடி தொகுக்கிறோம்.

ஒளிந்திருந்த இரண்டாவது வழு

திருத்திய செய்நிரலை இயக்கினால் வரும் விடை இது: -24536.

கழித்தற்குறியைக் கவனித்தீர்களா? சிப்பிகள் கடலுக்கே திரும்பிப் போய்விட்டனவா? ஒரு வழுவைத் திருத்தியதும் நிலைமை முன்னைவிட மோசமாவது இத்துறையில் வழமை. உடனே பழையபடி < என்று மாற்றிவிட எந்தப் பிள்ளைக்கும் கை துடிக்கும். மாற்றாதீர்கள். முதல் திருத்தம் சரியானது. அதன் பின்னால் மறைந்திருந்த இன்னொரு வழு இப்போது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பவும் வழுநீக்கிக்குள் போவோம். இம்முறை ஒவ்வொரு சுற்றிலும் நிற்கத் தேவையில்லை. பிரேக் 9 என்பதோடு "வள்ளம் = 4 ஆனால்" என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் இஃப் என்ற சொல்லைத் தட்டி நிபந்தனையை எழுதவேண்டும். ரன் கொடுத்ததும் முதல் மூன்று சுற்றையும் தாண்டி நேரே நான்காவதில் நிற்கிறது.

பிரின்ட் மொத்தம்: 28500. சரி.
பிரின்ட் தொகை: 12500. அதுவும் சரி.
நெக்ஸ்ட். (ஒரு வரி மட்டும் செயற்பட்டு 10 ஆம் வரிக்கு வருகிறது.)
பிரின்ட் மொத்தம்: -24536.

இடையில் செயற்பட்டது 9 ஆம் வரி ஒன்றே. போகும்போது இரண்டு எண்களும் சரி; வரும்போது விடை பிழை. ஆகவே குற்றவாளி அந்த வரிக்குள்தான். ஆனால் அதில் இருப்பது வெறும் கூட்டல்! கூட்டல் எப்படிப் பிழைக்கும்?

2 ஆம் வரியைப் பாருங்கள். மூன்று மாறிகளையும் முழுவெண் என்று கூறியிருக்கிறோம். பாஸ்கலில் சாதாரண முழுவெண் வகைக்கு 16 பிற்று இடமே உண்டு. 16 பிற்றில் 65536 வெவ்வேறு கோலங்களை எழுதலாம். அவற்றிற் பாதி மறை எண்களுக்கு. எனவே -32768 தொடக்கம் 32767 வரைதான் அதில் அடங்கும். 41000 அடங்காது. மோட்டார் சைக்கிள் மீற்றர் 99999 ஐத் தாண்டியதும் 00000 இலிருந்து திரும்ப ஓடுவதுபோல, இங்கே 32767 ஐத் தாண்டியதும் மறுமுனையான -32768 இலிருந்து தொடங்கிவிடும். 41000 இலிருந்து 65536 ஐக் கழித்துப் பாருங்கள். -24536 வருகிறதா? இதுவே வழிதல் எனப்படும்.

இவ்வழுவோடு எனக்குச் சொந்தப் பகை உண்டு. எனது வகுப்பின் மாதக் கட்டணத்தைக் கூட்ட ஒரு சிறு செய்நிரல் எழுதி வைத்திருந்தேன். ஆளுக்கு 1500 ரூபா. இருபத்தொரு பிள்ளைகள் இருந்தவரை 31500 என்று ஒழுங்காகக் காட்டியது. இருபத்திரண்டாவது பிள்ளை சேர்ந்த மாதம் -32536 என்றது. நான் பிள்ளைகளுக்குக் கடன்காரனாகிவிட்டேன். இரண்டு இரவு செய்நிரலை வரிவரியாக வாசித்தேன்; கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. படாததற்குக் காரணம், எழுதியிருந்த வரிகளில் பிழை இல்லை, தெரிந்தெடுத்த தரவு வகையில் இருந்தது. மன்னாரிலுள்ள நண்பர் ஒருவர் தொலைபேசியிற் சொல்லித்தந்த பிரின்ட் கட்டளையால் பத்து நிமிடத்தில் அகப்பட்டது. அந்த இருபத்திரண்டாவது பிள்ளைக்கு இன்றுவரை நன்றியுடையேன்.

சிரிப்புக்கிடமான கணக்கு என்று நினைக்காதீர்கள். 1996 ஜூன் 4 ஆம் திகதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட் தனது முதற் பயணத்தில், புறப்பட்டு ஏறத்தாழ 40 வினாடியில் வானில் சிதறியது. திசையறியும் கருவியின் செய்நிரல், 64 பிற்றுத் தசம எண் ஒன்றை 16 பிற்று முழுவெண்ணாக மாற்ற முயன்றது. எண் அடங்கவில்லை. அச்செய்நிரற் பகுதி முந்திய ஏரியன் 4 ரொக்கெட்டில் வருடக்கணக்காகச் சரியாக வேலை செய்தது. அதன் வேகத்துக்கு எண் எல்லைக்குள் நின்றது. புதிய ரொக்கெட் கூடிய வேகம். எனது இருபத்தோராவது பிள்ளைக்கும் இருபத்திரண்டாவது பிள்ளைக்கும் இடையிலிருந்த அதே வேறுபாடுதான்.

திருத்தம் எளிது. 2 ஆம் வரியில் மொத்தம் என்ற மாறியை மட்டும் நீள் முழுவெண்ணாக, அதாவது லோங்கின்ட் வகையாகக் கூறவேண்டும். அதற்கு 32 பிற்று இடம். 2147483647 வரை கொள்ளும். 1905 இல் எடுத்த 8 கோடிச் சிப்பியும் அதில் தாராளமாக அடங்கும். தொகை என்ற மாறியை மாற்றத் தேவையில்லையா? ஒரு வள்ளத்தில் 32767 க்கு மேல் வரமாட்டாது என்று உறுதியாகத் தெரிந்தால் தேவையில்லை. எனக்கு அப்படி உறுதி கூறத் துணிவில்லை. நான் என்றால் அதையும் மாற்றுவேன்.

இன்னும் இரண்டு கட்டளைகளைச் சொல்லிவிடுகிறேன். வொட்ச் என்று தட்டி ஒரு மாறியின் பெயரைக் கொடுத்தால், அம்மாறி மாறும் ஒவ்வொரு தடவையும் வழுநீக்கி செய்நிரலை நிறுத்தி, பழைய பெறுமானம், புதிய பெறுமானம் இரண்டையும் காட்டும். எந்த வரியிற் கெடுகிறது என்றே தெரியாதபோது இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்டெப் என்பது நெக்ஸ்ட் போன்றதே. ஆனால் அந்த வரியில் உபசெய்நிரல் ஒன்று அழைக்கப்பட்டால் ஸ்டெப் அதற்குள்ளே இறங்கும்; நெக்ஸ்ட் இறங்காமல் அதை முடித்துக்கொண்டு அடுத்த வரிக்கு வரும்.

பரீட்சை வினாத்தாளில் இக்கட்டளைகளைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் பாடமாக்கவேண்டாம். வழு வகைகளும், செய்நிரற் பகுதியின் வருவிளைவைக் காணலுமே உங்களுக்குரியவை. ஆனால் ஒரு தடவையாவது வழுநீக்கியில் வரிவரியாக நடந்து பார்த்தவர், சுவட்டு அட்டவணையைப் பிறகு பிழையாக எழுதுவது அரிது.

வழுநீக்கி காட்டாத வழு

2011 ஓகஸ்ட் உயர்தரப் பரீட்சையைப் பற்றி உங்கள் வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவ்வருடம் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் தோற்றினார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி, மாணவரின் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவது. வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இரு குழுவினருக்கும் ஒன்றுசேர்த்த சராசரி, ஒன்றுசேர்த்த விலகல் என்பன கணக்கில் எடுக்கப்பட்டன. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்து, இரு குழுக்களையும் வெவ்வேறாகக் கொண்டு கணிக்கும்படி பணித்தது.

இதில் என்ன வித்தியாசம் வரும் என்பதைச் சிறிய எண்களாற் பார்ப்போம். இவை கற்பனை எண்கள். பழைய குழுவின் சராசரி 40, புதிய குழுவின் சராசரி 60, இரண்டுக்கும் விலகல் 10, ஆட்தொகை சமம் என்க. பழைய குழுவில் 55 எடுத்த மாணவியின் இசட் புள்ளி (55 - 40) ÷ 10 = 1.5. தனது குழுவில் அவர் நல்ல நிலையில் இருக்கிறார். புதிய குழுவில் 55 எடுத்தவருக்கு (55 - 60) ÷ 10 = -0.5. அவர் தனது குழுவின் சராசரிக்கும் கீழே. இருவரையும் ஒன்றாகச் சேர்த்தால் சராசரி 50, விலகல் ஏறத்தாழ 14.14. இப்போது இருவருக்கும் ஒரே 0.35. கடினமான வினாத்தாளுக்கு விடையெழுதிய மாணவியின் உழைப்பு அந்த ஒரு வகுத்தலில் காணாமற் போகிறது.

இங்கே எந்த வரியிலும் கூட்டல் பிழைக்கவில்லை, எந்த மாறியும் வழியவில்லை. வழுநீக்கியில் எத்தனை நிறுத்தற்புள்ளி வைத்தாலும் ஒவ்வொரு படியிலும் "சரி, சரி" என்றுதான் வரும். எதைக் கணிக்கவேண்டும் என்று தீர்மானித்த இடத்திலேயே பிழை. செய்நிரல் எழுதமுன் விடை எப்படி இருக்கவேண்டும் என்று இரண்டொரு உதாரணத்தைக் கையாற் செய்து வைத்திருப்பவருக்கே இது புலப்படும். 41000 என்று நாம் கையாற் கூட்டியிராவிட்டால் 28500 ஐ நம்பியிருப்போம் அல்லவா? எனது வகுப்பில் கணினியைத் திறக்கமுன் கொப்பியைத் திறக்கச் சொல்வது இதனால்தான். மின்சாரம் நின்றுவிட்டது என்பதால் மட்டுமல்ல.

மாதிரி வினாக்கள்

வினா 1. பின்வரும் போலிக்குறிமுறையின் வருவிளைவு யாது? முடிவில் அ என்ற மாறியின் பெறுமானம் யாது?

அ := 1
ஆ := 0
அ <= 5 ஆக இருக்கும்வரை செய்க
ஆ := ஆ + அ
அ := அ + 2
சுற்று முடிவு
ஆ எழுதுக

விடை: அ, 1, 3, 5 என்னும் பெறுமானங்களோடு மூன்று சுற்று நடக்கும். ஆ, 1, 4, 9 என மாறும். வருவிளைவு 9. முடிவில் அ இன் பெறுமானம் 7. அதை 5 என்று எழுதுவோர் பலர். 5 ஆக இருக்கும்போது நிபந்தனை இன்னும் மெய் என்பதால் சுற்று நிற்காது; 7 ஆன பின்னரே பொய்யாகும். எழுதுக என்ற கூற்று சுற்றுக்கு வெளியே இருப்பதால் 9 மட்டும் வரும். அது சுற்றுக்கு உள்ளே இருந்தால் 1, 4, 9 மூன்றும் வந்திருக்கும்.

வினா 2. கீழுள்ளவை எவ்வகை வழுக்கள்? காரணம் தருக.
(அ) மாணவர் தொகை 0 ஆக உள்ளபோது சராசரி காணும் செய்நிரல் இடையில் நின்றது.
(ஆ) சதுரத்தின் சுற்றளவைக் காண 4 ஆற் பெருக்குவதற்குப் பதில் 2 ஆற் பெருக்கப்பட்டது.
(இ) கூற்றொன்றின் முடிவில் அரைப்புள்ளி இடப்படவில்லை.

விடை: (அ) ஓட்டநேர வழு, இயங்கும்போது பூச்சியத்தால் வகுக்க நேர்ந்ததால் நின்றது. (ஆ) தர்க்க வழு. செய்நிரல் முழுமையாக இயங்கிப் பிழையான விடையைத் தரும். (இ) தொடரியல் வழு. மொழியின் விதி மீறப்பட்டதால் தொகுப்பி ஏற்காது. காரணம் எழுதாமல் வகையை மட்டும் எழுதினால் அரைவாசிப் புள்ளியோடு நிற்கவேண்டி வரும்.

வினா 3. கொட்டில் 8500 சிப்பிகள் உள்ளன. அவற்றைப் பங்கிடும் செய்நிரலொன்றில் பின்வரும் இரண்டு வரிகள் உள்ளன. முழுவெண் வகுத்தலில் மீதி விடப்படும்.

குளித்தவர்பங்கு := மொத்தம் முழுவகுத்தல் 3
அரசபங்கு := (மொத்தம் முழுவகுத்தல் 3) × 2

இதிலுள்ள வழுவைக் கண்டு, திருத்துக.

விடை: 8500 ஐ 3 ஆல் வகுத்தால் ஈவு 2833, மீதி 1. குளித்தவர்பங்கு 2833, அரசபங்கு 5666. இரண்டையும் கூட்ட 8499. ஒரு சிப்பி கணக்கில் இல்லை. இது தர்க்க வழு. இரண்டாவது வரியை அரசபங்கு := மொத்தம் - குளித்தவர்பங்கு எனத் திருத்தினால் 5667 வரும்; கூட்டுத்தொகை 8500 ஆகும். மீதிச் சிப்பி அரசாங்கத்துக்குப் போகிறது. குளித்தவர்களுக்கே அதைக் கொடுக்க விரும்பினால் முதலில் அரசபங்கைக் கண்டு, மொத்தத்திலிருந்து அதைக் கழித்துக் குளித்தவர்பங்கைக் காணுங்கள்: 2834. இரண்டு விடைக்கும் முழுப்புள்ளி உண்டு.